இரும்பில் வைக்காத கை

எங்கள் மண்டபத்து அந்தோனியார் சிலையில் பாலயேசுவின் கை முறிந்திருப்பதை முதலில் கண்டவர் பாபா வாலே. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தைக் கூட்ட வந்தவர் அதைக் கண்டு, உடனே கொமிட்டித் தலைவர் பத்திநாதருக்குத் தொலைபேசியில் சொன்னார். மத்தியானம் ஆவதற்குள், முறித்தவரே பாபா வாலேதான் என்று மொன்ட்ரியால் நகரத்தில் கோட்-டெ-நெய்ஜிலிருந்து மொன்ட்ரியால்-நோர் வரைக்கும் எங்கள் சனம் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. கண்டு சொன்ன மனிதனையே குற்றவாளியாக்குகிற கெட்டித்தனம் வேறு யாருக்கு வரும்?

நான் உடுப்புத் திருத்துகிற கடையொன்றில் தையல் வேலை செய்கிறேன். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன்னமே நான்கு பேர் தொலைபேசியில் கோல் எடுத்துவிட்டார்கள்.

"அஞ்சலீனா, கேள்விப்பட்டனியே? அந்தோனியார் சுரூபத்திலை பாலயேசுவின்ரை கையை முறிச்சுக் கொண்டுபோட்டாங்களாம். முறிஞ்ச துண்டையும் காணேல்லையாம். சூனியத்துக்கெண்டுதானாம்."

"ஆர் கொண்டுபோனது?"

"வேறை ஆர்? உந்த நாடகக்காரர்தான்."

நாடகக்காரர் என்பதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் சொன்னார்கள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அதைச் சொன்னவர்கள் எல்லாரும் தவக்காலத்தில் மீன்கூடத் தொடாதவர்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மண்டபம் கோவிலுக்குக் கீழே, நிலத்துக்கு அடியில் இருக்கிறது. கோவிலைக் கட்டிய கியூபெக் சனம் குறைந்துபோக, மண்டபப் பொறுப்பு எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கொமிட்டியிடம் வந்தது. அதன் மூலையில் பழைய அந்தோனியார் சுரூபம், கையில் பாலயேசு. பாபா வாலே அங்கே ஆறு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறார். நைஜீரியாவில் யொருபா சனம். வயது அறுபத்தொன்று. மூத்த மகனின் பெயர் வாலே. அதனால் வாலேயின் அப்பா, பாபா வாலே. எங்களைப் போலத்தான் அவர்களும், பிள்ளை பிறந்தபின் தகப்பனின் சொந்தப் பெயரை யாரும் தேடுவதில்லை.

நாடகம் போடுகிறவள் மொரெனிக்கே. அவளும் யொருபா. பகலில் ஆஸ்பத்திரியில் தாதி, பின்னேரத்தில் நாடகம். தானே எழுதிய நாடகத்தை அந்தச் சனிக்கிழமை எங்கள் மண்டபத்தில் போட ஃபாதரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். தவக்காலத்தில் மண்டபத்தில் கொண்டாட்டம் எதற்கும் இடமில்லை என்பது கொமிட்டிச் சட்டம். ஆனால் அவளுடைய நாடகத்தைப் படித்துப் பார்த்த ஃபாதர், இது கொண்டாட்டமில்லை, நல்ல பிரசங்கம் என்று சொல்லிவிட்டார். உடுப்பு தைத்தது நான். எங்கள் பாஸ் நாடகத்துக்கும், அதாவது யேசுவின் பாடுகளை நடிக்கிற நாடகத்துக்கும், நான்தான் தைக்கிறேன். பத்திநாதர் அதில் ஒன்பது வருடமாகப் பிலாத்து. வருடத்துக்கு இரண்டு அங்குலம் அந்த அங்கியை இடுப்பில் விட்டுக் கொடுக்கிறேன்.

மொரெனிக்கேயின் நாடகத்தில் ஒரு பட்டணத்து ஆணையாளர் வருகிறார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகளுக்கு வந்த மருந்தைக் களவாக விற்றுவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன் வரிசை, கிழமை நாளில் குறி சொல்கிறவரிடம் காணிக்கை. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை. கடைசியில் நீதிமன்றத்தில் வேதாகமத்தின் மேல் கையை வைத்துக் கூசாமல் பொய் சொல்கிறார். அப்போது பிள்ளையை இழந்த ஒரு தாய் ஒரு வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்து, "இதில் சத்தியம் பண்ணு" என்று நீட்டுகிறாள்.

எனக்கு விளங்கவில்லை. "ஏன் கத்தி?" என்று கேட்டேன்.

"ஓகுன்," என்றாள் மொரெனிக்கே. "இரும்பின் தெய்வம். எங்கள் ஊரில் பழைய சமயத்துக்காரர் நீதிமன்றத்தில் இரும்பைத் தொட்டுத்தான் சத்தியம் செய்வார்கள். புத்தகத்தில் பொய் சொல்கிற துணிச்சல் பலருக்கு இருக்கிறது. இரும்பில் அந்தத் துணிச்சல் வராது."

ஆணையாளராக நடித்தவர் பாபா வாலே. ஒத்திகைக்கு அவள் உண்மையான வெட்டுக்கத்தி ஒன்றைக் கொண்டுவந்தபோது, மனிதர் அதைக் கையிலும் எடுக்கவில்லை. கோபமில்லை, சத்தமில்லை. "மேடையில் பொய் சொல்வது என் வேலை. ஆனால் இரும்புக்கு நாடகம் தெரியாது," என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அதனால்தான் நான் மரத்தில் ஒரு கத்தி செய்தேன். பலகையை என் கணவர் ஜெராட் அறுத்துத் தந்தார். எங்கள் பாஸ் நாடகத்து ரோமச் சேவகரின் ஈட்டிக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளிப் பெயின்றை நான் பூசினேன். மார்ச் குளிரில் பல்கனியில் அது காயவில்லை. ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைத்தேன், வீடு முழுக்க நாற்றம். "உனக்கு உந்த விசர் வேலையெல்லாம் எதுக்கு?" என்று ஜெராட் இரண்டு நாள் புறுபுறுத்தார். ஆனால் கத்தி அசல் இரும்பு மாதிரியே வந்தது. தள்ளி நின்று பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வேலை முடிந்து நேராக மண்டபத்துக்குப் போனேன். பாபா வாலே வாளியும் துடைப்பமுமாக நின்றார். "மேடைக்குக் கீழே கேக் துண்டுகள் கிடந்தன. சனி கூட்டிப் பூட்டியபின் இன்றுதான் திறந்தேன். ஞாயிறு யாரோ இங்கே இருந்திருக்கிறார்கள். அதையும் பத்திநாதரிடம் சொன்னேன்," என்றார். "நான் கதை கட்டுகிறேனாம்."

மேடைத் திரை நான் தைத்தது. அது வழக்கமாகத் தொங்குகிற மாதிரித் தொங்கவில்லை. யாரோ அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். மடிப்பை விலக்கிப் பார்த்தேன். பின்னால், காற்றுப் போய்ச் சுருங்கின ஒரு பெரிய தங்க நிற பலூன், ஐந்து என்ற இலக்கத்தின் உருவத்தில். பக்கத்தில் பூச்சியம் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு ஐம்பதாவது பிறந்தநாள் எங்கள் சனத்தில் யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். பத்திநாதரின் மருமகனுக்கு வேலை கொடுத்த பலசரக்குக் கடை முதலாளிக்கு. பாபா வாலேயைத் தவிர, மண்டபக் கதவின் திறப்பு பத்திநாதரிடம்தான் இருக்கிறது. சட்டம் போட்ட தலைவரே தவக்காலத்தில் திருட்டுத்தனமாக மண்டபத்தைத் திறந்து விட்டிருக்கிறார். மேசை போட இடம் காணாமல் சுரூபத்தை நகர்த்தியிருப்பார்கள். கை எங்கேயாவது இடிபட்டிருக்கும். அவ்வளவுதான் நடந்தது.

பத்திநாதருக்குக் கோல் எடுத்தேன்.

"பத்திநாதர் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலை ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. தவக்காலம் எண்டு தெரியாதே உனக்கு?"

"திரைக்குப் பின்னாலை பலூன் கிடக்குது."

"ஆரும் பிள்ளையள் விளையாடியிருக்குங்கள். நீ தைக்கிற வேலையைப் பார், பிள்ளை. நாளைக்குக் கூட்டம் வைச்சிருக்கு. உந்தாளை நிப்பாட்டப் போறம், நாடகமும் இல்லை. பேயைக் கும்பிடுறவங்களைக் கோவிலுக்குக் கீழை விட்டதுதான் எங்கடை பிழை."

உந்தாள்! ஆறு வருடம் எங்கள் சனம் கொட்டின சோற்றையும் பாயாசத்தையும் துடைத்த மனிதர். அறுபத்தொரு வயதில் சூனியக்காரன் என்ற பெயரோடு வெளியே போனால், வேறு எந்தக் கோவிலில், எந்தப் பள்ளிக்கூடத்தில் திறப்பைக் கையில் கொடுப்பார்கள்?

புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டம். மடிக்கிற இரும்புக் கதிரைகளை வட்டமாகப் போட்டு ஏழு கொமிட்டிக்காரரும் ஃபாதரும் இருந்தார்கள். நான் கொமிட்டியில் இல்லை. உடுப்புப் பெட்டியை எடுக்க வந்தவள் மாதிரி மேடையோரம் நின்றுகொண்டேன். மொரெனிக்கே தாதி உடுப்போடேயே வந்திருந்தாள். பாபா வாலேக்கு ஒருவரும் கதிரை காட்டவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றார், அவர் ஆறு வருடமாகக் கூட்டித் துடைக்கிற அதே இடத்தில்.

பத்திநாதர் எழும்பினார். கொமிட்டியில் அவர் பேசினால் அரை மணித்தியாலம். பேய் வழிபாடு, பலி, இரத்தம், எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் என்று தமிழில் ஒருமுறை, பிறகு அந்த இரண்டு பேருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் ஒருமுறை. மூதாட்டி யோசெப்பின் அக்கா ஒவ்வொரு வசனத்துக்கும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

மொரெனிக்கே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எங்கள் நாடகத்தில் பேய் எங்கே வருகிறது, சொல்லுங்கள். களவெடுத்தவன் வருகிறான், பொய் சொன்னவன் வருகிறான். வேறு யார் வருகிறார்கள்?"

பத்திநாதர் அவளைப் பார்க்கவேயில்லை. ஃபாதரைப் பார்த்தார்.

"ஃபாதர், திறப்பு இரண்டு பேரிட்டைத்தான். ஒண்டு என்னட்டை, மற்றது உவரிட்டை. ஞாயிறு இந்த மண்டபம் பூட்டினபடி கிடந்தது. நான் திறக்கேல்லை, ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. வேணுமெண்டால் வேதாகமத்திலை சத்தியம் பண்ணுறன்."

"சத்தியமெல்லாம் தேவையில்லை, பத்திநாதர்," என்றார் ஃபாதர்.

"இல்லை ஃபாதர். என்ரை மனச்சாட்சிக்கு."

மேசையில் இருந்த வேதாகமத்தின் மேல் கையை வைத்தார். "இது சத்தியம்" என்று சொல்லி, புத்தகத்தைக் கொஞ்சி முத்தமும் கொடுத்தார். யோசெப்பின் அக்கா "பாருங்கோ, மனுசனை" என்று கண்ணைத் துடைத்தார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து, துணிக்குள் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேதாகமத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி வைத்தேன். டியூப் லைற் வெளிச்சத்தில் அது பளபளத்தது.

"பத்திநாதர் அண்ணை, இதிலையும் ஒருக்கால் கையை வைச்சுச் சொல்லுங்கோ."

அது இரும்பு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

"என்ன இது?" என்றார் ஃபாதர்.

மொரெனிக்கே என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன செய்கிறாய் என்ற பார்வை. பிறகு கத்தியைப் பற்றி எதுவும் சொல்லாமல், இரும்பைப் பற்றி மட்டும் ஃபாதருக்குச் சொன்னாள். இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஓகுன் இருக்கிறார் என்றாள். கத்தியில், காரில், தண்டவாளத்தில், கையிலுள்ள திறப்பில், நாங்கள் இருக்கிற கதிரையில். இரும்பின் முன்னால் பொய் சொன்னவனை இரும்பே தேடி வரும், பெரும்பாலும் வீதியில் வரும் என்றாள். அவள் மிரட்டிச் சொல்லவில்லை. மருந்து எத்தனை தரம் குடிக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"பேய்ச் சாமானிலை நான் கை வைக்கமாட்டன். வேதத்துக்கு விரோதம்!" என்றார் பத்திநாதர்.

"அவையின்ரை தெய்வம் பொய்த் தெய்வம் எண்டுதானே வேதம் சொல்லுது? அப்ப உங்களுக்கு அது வெறும் கத்தி. தொடுங்கோவன்."

"அஞ்சலீனா, வாயைப் பொத்து. இது கொமிட்டிக் கூட்டம்."

"கத்தி வேண்டாம். அண்ணை பிடிச்சுக்கொண்டு நிக்கிற கதிரையும் இரும்புதானே. அதிலை கை வைச்சபடி அந்தச் சத்தியத்தைத் திருப்பிச் சொல்லுங்கோ. அது போதும்," என்றேன்.

கதிரையின் முதுகைப் பிடித்திருந்த கையை மனிதர் சட்டென்று எடுத்துவிட்டார். சுடுசட்டியில் பட்ட மாதிரி. மற்றக் கையில் மண்டபத் திறப்புக் கோர்வை இருந்தது. அதை ஒருதரம் பார்த்தார். பார்த்துவிட்டு அதையும் மேசையில் போட்டார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஏழு பேரும் அதைக் கண்டார்கள். சிலுவை போட்டுக்கொண்டிருந்த யோசெப்பின் அக்காவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார். "பத்திநாதர், ஆண்டவரின்ரை புத்தகத்திலை உடனை கையை வைச்சீர். கதிரையிலை வைக்க ஏன் பயப்பிடுறீர்?"

"நான் நாளைக்கு விடிய பஸ் எடுக்கவேணும், ஃபாதர்." பத்திநாதர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "நாப்பது பிள்ளையள் ஏறுற பஸ்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே விளங்கியது. கதிரையில் இருக்கப் போனார், அதுவும் இரும்பென்று நினைவு வர நின்றுவிட்டார். கடைசியில் குளிர்க் கோட்டின் உட்பைக்குள் கையை விட்டு, மடித்த கைலேஞ்சி ஒன்றை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே பாலயேசுவின் கை. பெருவிரல் அளவு. ஆசீர்வதிக்க உயர்த்தின இரண்டு விரலும் அப்படியே இருந்தன.

"மேசை போடேக்கை இடிச்சுப்போட்டாங்கள்," என்றார். "ஒரு ரெண்டு மணித்தியாலம் எண்டு கேட்டவர். மருமகனுக்கு வேலை குடுத்த மனுசன், மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு. உதைக் குப்பைக்குள்ளை போடவும் மனம் வரேல்லை. சாமியின்ரை கையல்லோ."

சாமியின் கையைக் குப்பையில் போட மனம் வரவில்லையாம். மூன்று நாள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். உயிருள்ள ஒரு மனிதனின் பெயரைக் குப்பையில் போட மட்டும் மனம் நன்றாக வந்திருக்கிறது!

இனி எங்கள் சனம் வெட்கப்படும் என்று நான் நினைத்தேன். விசரி நான். முதலில் ஒருவர் எழும்பி பத்திநாதருக்குத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் அவருடைய தோளைத் தடவினார். "பாவம், மனுசன் என்ன பாடு பட்டிருப்பார்," என்றார் யோசெப்பின் அக்கா. "மனம் திறந்து சொல்லிப்போட்டார்தானே, இனி இதை வெளியிலை கொண்டுபோகாதேங்கோ," என்றார் செயலாளர். ஃபாதர் முகம் சிவந்து, நாடகம் சனிக்கிழமை நடக்கும், பாபா வாலேயின் வேலையில் எந்த மாற்றமும் இல்லை, தலைவர் விஷயத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்லது. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவராவது கதவுப் பக்கம் திரும்பி, மன்னித்துக்கொள்ளும் என்று ஒரு சொல் சொன்னார்களா? இல்லை. ஒரு கதிரையாவது தள்ளிவிட்டார்களா? அதுவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு செபம் சொல்லுவோம் என்று எழும்பினார்கள்.

அப்போதுதான் பாபா வாலே மேசைக்கு வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கும் ஒரு பங்கு கோபம் இருந்தது. அவருடைய தெய்வத்தை அவரைக் கேட்காமல் நான் ஒரு பொறி மாதிரி எடுத்து வைத்தேன், அது சரிதான், அதை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு கத்தியை எடுத்து, வளைத்த விரலால் இரண்டு தரம் தட்டினார்.

டொக், டொக்.

வெறும் பலகைச் சத்தம். மண்டபம் முழுக்கக் கேட்டது. செபத்துக்குக் கூப்பின கைகள் அப்படியே நின்றன. பத்திநாதர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கத்தியைப் பார்த்தார்.

பாபா வாலே ஆங்கிலத்தில் இரண்டே வசனம் சொன்னார். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு, பத்திநாதர் போட்ட திறப்புக் கோர்வையை எடுத்து, வேதாகமத்தை ஒரு பக்கமாக நேர்த்தியாக வைத்து, மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

யோசெப்பின் அக்காவுக்கு ஆங்கிலம் விளங்காது. "என்னவாம், அஞ்சலீனா? என்ன சொல்லுறார்?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். ஃபாதர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் கேட்டால் சொல்லத்தானே வேண்டும். ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"இரும்பிலை ஒருத்தரும் பொய் சொல்லக் கூடாதெண்டுதான் இதை மரத்திலை செய்தவையாம். நீங்களும் உங்கடை வேதாகமத்தை இனி மரத்திலை ஒண்டு செய்து வைச்சிருங்கோவாம்."